தண்ணிக்குள்ள எது அறுக்கும்

ரெண்டும் ஒரே நீளம், ஒரே கறுப்புக் கைப்பிடி, மடக்கினால் ரெண்டும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், அப்புறம் என்னடி உனக்கு இம்புட்டு யோசனை என்று நம்புத்தாய் தன்னைத்தானே வைதுகொண்டாள். பாம்பன் கடைத்தெருவில் இபுராம்சாவின் இரும்புக்கடை மேசைமேல் பழைய பேப்பரை விரித்து அவர் எடுத்துப்போட்ட மடக்குக் கத்திகள். ஒன்று சாதாக் கத்தி, வாய் வழவழவென்று அடியிலிருந்து நுனிவரைக்கும் ஒரே கோடு. இன்னொன்று பல்லுக் கத்தி, ரம்பம் மாதிரி, ஆனால் ரம்பத்தைவிடப் பொடிப் பல். "பழம் வெட்டவா தங்கச்சி?" என்று அவர் கேட்டபோது ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் இந்நேரம் வேலை முடிந்து போயிருக்கும். வாய் சும்மா இருந்ததா? "ஆப்பிள் நறுக்கித் திங்கிற வீட்லயா நான் வாக்கப்பட்டேன், கடலுக்குண்ணே" என்று சொல்லித் தொலைத்தாள். கடலுக்கு என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. தெரிந்திருக்கிறது. தெரியாமல் எங்கே போகும்? பாசி எடுக்கப் போன பொம்பளை அடியிலே கிடந்த அறுந்த வலையில் மாட்டி, பல்லால் கடித்து அறுத்துக்கொண்டு மேலே வந்தாளாம் என்று மீன் ஏலம் விடுகிற இடத்திலிருந்து ரேசன்கடை வரைக்கும் பேச்சு. வந்தாளாம், வந்தாளாம். செத்திருந்தால் ரெண்டு நாளில் பேச்சு நின்றிருக்கும், பிழைத்து வந்ததுதான் ஊருக்குப் பொறுக்கவில்லை. நாக்கு அதுபாட்டுக்கு மேல்வரிசையில் அந்த உடைந்த பல்லைத் தேடிப் போய்த் தடவிவிட்டு வந்தது. பாதிப் பல்தான் மிச்சம், ஓரம் கூராக இருக்கிறது, தடவத் தடவ நாக்கு புண்ணாகிறது, ஆனாலும் போய்த் தடவத்தான் செய்கிறது.

அந்தப் பல்லுக்காகத்தான் இன்றைக்குப் பாம்பன் வந்ததே. எதிர்ச்சாரியில் பல் டாக்டர் வீடு, டோக்கன் இவள் மடியில் இருக்கிறது, கூட்டம் வாசல்வரைக்கும் நிற்கிறது. கட்டின புருசன் களஞ்சியம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பெண்டாட்டி உள்ளே வரிசையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு நிம்மதியாக வடை தின்றுகொண்டிருப்பான். தின்னட்டும். பல்லைக் கட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவன் நினைப்பு. இன்றைக்குப் பல், திங்கட்கிழமையிலிருந்து நண்டுக் கம்பெனி, மேஸ்திரியிடம் பேசி வைத்துவிட்டான். நிழலில் உட்கார்ந்து நண்டு உரிக்கலாம், மூச்சைப் பிடிக்க வேண்டாம், தலையில் துணிக்குல்லா கொடுப்பார்கள். குல்லா! ஒன்றுக்குப் போகக்கூட மேஸ்திரி முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போக வேண்டிய இடம் அது, போன மாசம் போய் நின்றபோதே பார்த்தாளே, பொம்பளைகள் வரிசையாகக் குனிந்த தலை நிமிராமல் பிட்டுக்கொண்டிருந்ததை. கடலில் யாரைக் கேட்க வேண்டும்? முகக்கண்ணாடியை இறக்கி, காலில் துடுப்பு மாதிரி தகரத் தட்டைக் கட்டிக்கொண்டு தலைகீழாக விழுந்தால் அப்புறம் ஒரு பயலுடைய குரல் கேட்காது. சரி, பயப்படுகிறான், பயப்படட்டும், அது பொய்யில்லை, இவள் ரத்த வாயோடு கரைக்கு வந்தபோது அவன் நடுங்கின நடுக்கத்தை இவள்தானே பார்த்தாள். ஆனால் அவன் போன போட்டு கவிழ்ந்து ஒரு ராத்திரி பூரா பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிதந்தானே, மறுவாரமே கடலுக்குப் போகவில்லையா? அன்றைக்கு எவனாவது அவனை நண்டு உரிக்கப் போடா என்று சொன்னானா? இவள் சொன்னாளா? சோறு கட்டிக் கொடுத்து அனுப்பினாள். அதை மட்டும் அவன் வசதியாக மறந்துவிட்டான்.

"என்ன தங்கச்சி, எதுன்னு சொல்லு" என்றார் இபுராம்சா. இவள் சாதாக் கத்தியின் முதுகைத் தொட்டாள். குளுகுளுவென்று இருந்தது. அடியிலே தண்ணீர் இப்படித்தான் குளிரும், அன்றைக்கும் குளிர்ந்தது. அன்றைக்கு என்ன பிடித்தது முதலில்? வலையா, கயிறா? இதை எத்தனை தரம் யோசித்தாலும் அந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறது. அதற்கு முந்தின நாள் இடுப்புப் பையின் முடிச்சு நழுவி, காலையிலிருந்து பிய்த்த பாசி அத்தனையும் நீரோட்டத்தோடு போய்விட்டதே என்ற வயிற்றெரிச்சலில், அன்றைக்கு இவள் கயிற்றை அவிழாத முடிச்சாகப் போட்டு, நனைத்து, பல்லால் இழுத்து இறுக்கிக் கட்டியிருந்தாள். பாசிக்காரப் பொம்பளை செய்கிற புத்திகெட்ட வேலை, பை போகக்கூடாது என்று தன்னையே பையோடு கட்டிக்கொள்வது. பாறையிடுக்கில் எவனோ விட்டுப்போன தங்கூசி வலை, கண்ணாடி நரம்பு, தண்ணிக்குள் இருப்பதே தெரியாது, அது பையைப் பிடித்தது. பை இடுப்பைப் பிடித்தது. என்னடா இழுக்கிறது என்று திரும்பினாள், காலில் கட்டிய தட்டும் வலைக்குள் போய்விட்டது. அப்போ முதலில் பிடித்தது வலைதான். இல்லை, வலை பிடித்தது பையை, இவளைப் பிடித்தது கயிறு. அட, எது பிடித்தால் என்னடி, மேலே போக முடியவில்லை! பாறை குத்தாமல் இருக்கப் பத்து விரலிலும் துணி சுற்றியிருந்தாள், அந்த விரலுக்கு நரம்பும் தெரியவில்லை, முடிச்சும் தெரியவில்லை. நெஞ்சு அடித்தது. அப்போதுதான் பக்கத்தில், கூட முங்குகிறவளும் இவர்கள் வள்ளத்துக்குப் பெரியவளுமான பஞ்சவர்ணத்தின் முகம் வந்தது, கண்ணாடிக்குள் கண் ரெண்டும் பிதுங்கி. அவள் விரல்துணியை உருவி எறிந்துவிட்டு நகத்தால் பையைப் பிறாண்டிப் பிறாண்டிக் கிழித்தாள், இவள் உடம்பைச் சுருட்டிக் கணுக்காலைப் பிடித்து அதில் சுற்றிய நரம்பைக் கடித்தாள். கடித்தாள், கடித்தாள், மளுக்கென்று வாய்க்குள் ஏதோ உடைந்தது. மேலே வந்து மூச்சு விட்டபோது வாயெல்லாம் உப்பு. பஞ்சவர்ணத்துக்கு மூன்று விரலில் நகம் இல்லை. ரெண்டு பேரும் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்து அழுதது இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

அந்தப் பஞ்சவர்ணம்தான் பாசிக்காரப் பொம்பளைகள் கூட்டத்தில் கத்தி கூடாது என்றாள்! அதுதான் நம்புத்தாய்க்கு ஆறவில்லை. ஊர்க்காரன் சொன்னால் போடா என்று போயிருப்பாள், புருசன் சொன்னால் ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காரியத்தைச் சாதித்திருப்பாள். இவள் சொன்னால் என்ன செய்வது? இனிமேல் நான் ஒரு கத்தி இடுப்பில் வைத்துக்கொள்வேன் என்று இவள் சொன்னதும், பஞ்சவர்ணம் கட்டுப்போட்ட கையைத் தூக்கி, "இரும்பு கடலுக்குள்ள வரக்கூடாது, இருபது வள்ளத்துப் பொம்பளையும் கூடி எடுத்த முடிவு, உனக்காக மாத்த முடியாது" என்றாள். முடிவு எடுத்தது வாஸ்தவம்தான். ஒரு காலத்தில் தகட்டை வைத்துப் பாறையைச் சுரண்டினார்கள், பாசி வேரோடு வந்தது, மறுவருசம் பாறை மொட்டையாகிப்போய் எல்லாரும் வெறும் பையோடு திரும்பினார்கள். அப்புறம்தான் அம்மன் கோயில் வாசலில் ஆளுக்கு ஒரு சூடம் ஏற்றி, அணைத்து, சத்தியம் செய்தது. கையால் கிள்ளத்தான் கிள்ளுவோம், வேரை விடுவோம். நம்புத்தாயும்தான் உள்ளங்கையால் அடித்து அணைத்தாள், சுட்டது. பாசி திரும்ப முளைத்தது, அதுவும் வாஸ்தவம். ஆனால் நான் சூடம் அணைத்தது பாறையைச் சுரண்டமாட்டேன் என்றுதானே, வலையில் மாட்டிச் சாவேன் என்றா? "இன்னைக்கு நீ கத்தி கொண்டாருவ, நாளைக்கு இன்னொருத்தி கத்தின்னு சொல்லிச் சுரண்டி கொண்டாருவா, நான் யார் யார் மடியத் தடவிப் பார்க்கிறது?" என்று பஞ்சவர்ணம் கேட்டாள். "அப்பக் காலுல கட்டுற தட்டு என்ன, பூவா?" என்று இவள் கேட்டாள். நாலு பேர் சிரித்தார்கள். பஞ்சவர்ணம் சிரிக்கவில்லை. "கத்தியோட வந்தா வள்ளத்துல ஏத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். நாளைக்கு வெள்ளெனத் தண்ணி வத்தும், வள்ளம் போகும். அதில் இவள் இருக்கிறாளா, திங்கட்கிழமை குல்லா போட்டுக்கொள்கிறாளா, அதுதான் இப்போது இந்தப் பேப்பர்மேல் கிடக்கிறது.

மடியிலிருந்த பிளாஸ்டிக் பையை எடுத்து மேசைமேல் கவிழ்த்தாள். கடல் தண்ணியும், ஒரு முழம் நைலான் கயிறும், பிய்ந்த தங்கூசி வலையும் பொத்தென்று விழுந்தன. "ஏத்தா, கடையக் குளமாக்குறியே!" என்று இபுராம்சா பேப்பர்க் கட்டை அவசரமாகத் தூக்கினார். "கடல் தண்ணிண்ணே, காஞ்சா உப்பு மிஞ்சும், குழம்புக்கு வச்சுக்கங்க" என்றாள். அவர் சிரித்துவிட்டார். காய்ந்த கயிற்றை எந்தக் கத்தியும் அறுக்கும், ஊறின கயிறு அப்படியில்லை, அதனால்தான் ராத்திரியே போட்டு ஊறவைத்துக் கொண்டுவந்தாள். சாதாக் கத்தியைக் கயிற்றில் வைத்து இழுத்தாள். வழுக்கியது. இன்னும் அழுத்தினாள், ரெண்டு இழை பிரிந்து மறுபடி வழுக்கிக்கொண்டு போய்ப் பெருவிரல் பக்கம் வந்து நின்றது. பல்லுக் கத்தியை வைத்தாள். வைத்ததுமே கவ்வியது. ரெண்டு இழுப்பு, கயிறு ரெண்டு துண்டு. அப்படிப் போடு! ஆனால் வலையில் வைத்தபோது கதை மாறியது. சாதாக் கத்தி ஒவ்வொரு நரம்பாகச் சத்தமில்லாமல் வெட்டிக்கொண்டு போக, பல்லுக் கத்தியோ தொளதொளவென்று கிடந்த வலையை அத்தனை பல்லிலும் மாட்டிக்கொண்டு அறுக்கவும் இல்லை விடவும் இல்லை. இழுத்தால் வலையும் கூடவே வந்தது. அடியிலே இப்படி ஆனால்? வலையில் காலும் மாட்டி, கத்தியும் மாட்டி, ஆத்தாடி!

"நான் சொல்றதக் கேளு, சாதாக் கத்திய எடு. வாய் போனா நீயே கல்லுல தீட்டிக்கிறலாம். பல்லு மழுங்கிச்சுன்னா உன்னால தீட்ட முடியாது" என்றார் அவர். அப்புறம் உள்ளே போய் இன்னொன்றைக் கொண்டுவந்தார், அடிப்பாதி பல், நுனிப்பாதி சாதா. "ரெண்டு குணமும் இருக்கு பாரு." நம்புத்தாய் அதைக் கையில் வாங்கவே இல்லை. கண்ணு தெரியாத கலங்கல் தண்ணியில், துணி சுத்தின விரலில், எந்தப் பாதி எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு கிடக்கச் சொல்கிறாரா? அரைக் கிணறு தாண்டுகிற வேலை. சாதாக் கத்தி. சரி, சாதாக் கத்தியே என்று வைத்துக்கொள்வோம். தீட்டலாம், வீட்டில் மீன் அறுக்கலாம், தேங்காய்ச் சில்லு எடுக்கலாம், களஞ்சியம் கேட்டால் பழம் வெட்ட என்று சொல்லிக்கொள்ளலாம். கை அதை எடுத்து மேசை விளிம்பில் சும்மா ஒரு இழுப்பு இழுத்தது. மரத்தில் ஒட்டியிருந்த பழைய பெயிண்ட் சுருள் சுருளாக, அடியோடு, சுத்தமாக வந்தது. நம்புத்தாய் கையை வெடுக்கென்று எடுத்தாள். இபுராம்சா பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் என்ன, இவள் பார்த்துவிட்டாளே. பாசி குறைந்த நாளில், மத்தியானம் தாண்டியும் பை நிரம்பாத நாளில், பாறை இடுக்கில் விரல் நுழையாத இடத்தில் மரிக்கொழுந்துப் பாசி கொத்துக் கொத்தாக நின்று ஆடும்போது, இடுப்பில் இது இருந்தால் கை சும்மா இருக்குமா? இருக்காது. சத்தியமாக இருக்காது. கை அதுபாட்டுக்கு ஒரு இழுப்பு இழுத்துவிடும், யாருக்கும் தெரியாது, அப்புறம் இன்னொரு இழுப்பு. அடிப்பாவி பஞ்சவர்ணம், நீ சொன்னதில் பாதி சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்தபோது கோபம் இன்னும் கூடியது. பாதி சரியென்றால் பாதி தப்புத்தானே! பல்லுக் கத்தியை எடுத்து அதே விளிம்பில் இழுத்தாள். கடகடவென்று துள்ளியது, கோடு கோடாகக் கீறியது, ஒரு செதில்கூட உரிந்து வரவில்லை. "ஏம்மா மேசைய ஏன் நாசம் பண்ற?" என்றார் இபுராம்சா. "மேசை இல்லண்ணே, பாறை" என்றாள்.

அப்போ வலைக்கு என்ன செய்வது? அதை மட்டும் பார்த்துவிட வேண்டும். பர்சிலிருந்து விரல்துணியை எடுத்துக் கடலுக்குப் போகிற காலையில் சுற்றுகிற மாதிரியே பத்து விரலிலும் சுற்றினாள். வலையின் ஒரு நுனியை இபுராம்சா கையில் கொடுத்து, "இறுக்கிப் பிடிச்சுக்கங்கண்ணே, நான் என்ன இழுத்தாலும் விடாதீக" என்றாள். "உனக்கு என்னமோ ஆயிருச்சு" என்று சொல்லிக்கொண்டே அவர் பிடித்தார். நல்ல மனுசன். நம்புத்தாய் மூச்சை இழுத்து அடக்கி, கண்ணை மூடினாள். கடைத்தெருச் சத்தம் தூரமாய்ப் போனது. ஆட்டோ ஹாரன், பாலத்துப் பக்கமிருந்து ரயில், எல்லாம் தண்ணிக்கு மேலே. இவள் கீழே. பல்லுக் கத்தியின் முளையைப் பெருவிரலால் தள்ளினாள், திறந்தது, வலையில் வைத்தாள், மாட்டியது. மாட்டிக்கொண்டுவிட்டது, இழுத்தால் வரவில்லை, நெஞ்சு அடிக்கிறது, காலைப் பார்க்கிறாள், வலைக்குள் கால், ஆனால் அது இவள் கால் இல்லை. வெள்ளிக் காப்புப் போட்ட கால். பஞ்சவர்ணத்தின் கால். அவள்தான் கழற்றவே மாட்டாள், புருசன் செத்த பிறகும் கழற்றாத காப்பு. எப்போதும் இவளைவிட ஆழத்துக்குப் போகிறவள் அவள்தான், வள்ளத்துக்குக் கடைசியாக ஏறுகிறவளும் அவள்தான். அவள் மாட்டினால் கடிக்கப் பல் இருக்கிறதா? வெற்றிலை போட்டுப் போட்டுப் பாதி பல் ஆடுகிறதே! நகமும் இல்லை! கடவுளே, அவளுக்கு நகம்கூட முளைக்கவில்லையே! ஆத்திரத்தில் வலையை அப்படியே கொத்தாகப் பிடித்து, ஈரச்சேலையைப் பிழிகிற மாதிரி முறுக்கினாள், இன்னும் முறுக்கினாள். தொளதொளவென்று கிடந்தது திரண்டு கயிறாகி நின்றது. கத்தியின் பல்லை அதில் வைத்து இழுத்தாள். கவ்வியது. இழுத்தாள். சடக்கென்று வலை அறுந்துபோய், இபுராம்சா ரெண்டடி பின்னால் தள்ளாடி ஆணி டப்பாக்கள்மேல் சாய்ந்தார். கண்ணைத் திறந்தாள். மூச்சு இன்னும் மிச்சம் இருந்தது.

"இங்க என்ன பண்ற?" வாசலில் களஞ்சியம். "டாக்டர் வீட்ல உன் பேரக் கூப்பிட்டு முடிச்சுட்டாங்க, நான் அங்கிட்டும் இங்கிட்டும் தேடுறேன்." மேசையில் தண்ணீர், துண்டு துண்டாய்க் கயிறு, பெண்டாட்டி விரலில் துணி. அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது, முகம் அன்றைக்கு மாதிரியே வெளுத்தது. "நம்பு, வேணாம். மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன்." இவள் விரல்துணியை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். "நீங்க சொன்னீங்க, நீங்களே போய் வரலைன்னு சொல்லிருங்க. பலகையப் பிடிச்சுக்கிட்டு மிதந்துட்டு வந்தீங்களே, மறுவாரம் உங்களுக்குச் சோறு கட்டுனது யாரு?" அவன் இபுராம்சாவைப் பார்த்தான். "அந்தப் பஞ்சவர்ணம் ஏத்த மாட்டேன்னு சொல்லிருக்காளாமே" என்றான், அது ஒன்றுதான் அவனுக்கு மிச்சமிருந்த பிடி. "ஏத்துவா. பாறையில வச்சு இழுத்துப் பாருடின்னு கையில குடுப்பேன். ஒரு வேர் வந்தா நானே கடல்ல தூக்கிப் போட்டுட்டு உங்க நண்டுக் கம்பெனிக்கு வாரேன்." சொல்லிவிட்டுத் திரும்பினாள். "அண்ணே, பல்லுக் கத்தி. இதே மாதிரி இன்னொண்ணு எடுங்க."

"இன்னொண்ணு யாருக்கு?" என்றார் இபுராம்சா.

"வேணாம்னு சொன்னவளுக்கு."

"அவ வாங்குவாளா?" என்றான் களஞ்சியம்.

"வாங்க மாட்டா. வள்ளத்துல இருந்து குதிக்கிறதுக்கு முன்னால அவ இடுப்புல நானே கட்டிவிடுவேன்." நம்புத்தாய் ரெண்டு கத்தியையும் மடக்கி மடியில் செருகிக்கொண்டாள். "திட்டட்டும். அவுக்கட்டும் பார்ப்போம். அவுக்க முடியாத முடிச்சு எனக்குத்தான் போடத் தெரியுமே."